மரத்துக்குப் பணம் கட்டும் முன்

தாம்பரம், சேலையூர், ஊரப்பாக்கம் பக்கம் பி.எஃப். பணத்தோடு ஓய்வு பெறுபவரிடம் யாராவது வந்து, “மதுராந்தகம் தாண்டி நமக்குத் தோட்டம் இருக்கு சார். மரத்துக்குப் பணம் கட்டுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம். கார்பன் கிரெடிட்டும் வரும்” என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கரியமில வாயு. ஒரு ஏக்கர் சவுக்கு நான்கு வருடத்தில் 40 டன் பச்சை மரம் தருவதாக வைத்துக்கொள்வோம். காய்ந்தால் 20 டன். அதில் பாதி கார்பன். வாயுக் கணக்கில் அது சுமார் 37 டன். கிரெடிட் 500 ரூபாய்க்கு விலைபோனாலும் நான்கு வருடத்துக்கும் சேர்த்து 18,500 ரூபாய்தான். அளவீடு, தணிக்கை, பதிவுச் செலவெல்லாம் அதில்தான் கழியும். அதே மரத்தை டன் 4,000 ரூபாய்க்கு விற்றால் 1,60,000 ரூபாய். ஆனால் வாங்கியவர் அதை மின் நிலையக் கொதிகலனில் எரித்துவிட்டால் சேர்த்த கார்பன் காற்றுக்கே திரும்பிவிடும். ஆகவே, வெட்டி எரிக்கப்போகும் மரத்தைக் காட்டி, அதில் கார்பன் சேமித்ததற்கும் வருமானம் வரும் என்பவரை நம்பாதீர்கள்.

சென்னைக்கு இப்படிப்பட்ட மரத் திட்டம் புதிதல்ல. தேக்குத் திட்டம் விற்ற அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998-ல் கவிழ்ந்து, ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. 1999-ல் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் கூட்டு முதலீட்டுத் திட்ட விதிகள் வந்தன. பலரிடம் பணம் திரட்டி, நிர்வாகத்தைத் தன் கையில் வைத்துக்கொண்டு லாபம் தருவதாகச் சொல்லும் திட்டத்துக்குச் செபி பதிவு வேண்டும். ஜி.எஸ்.டி. எண்ணோ கம்பெனிப் பதிவுச் சான்றோ அதற்கு ஈடாகாது.

நிலத்தையே எழுதித் தருகிறோம் என்றால் வில்லங்கச் சான்று, பட்டா, சர்வே எண் மூன்றையும் ஒத்துப்பாருங்கள். ‘பிரிபடாத பாகம்’ என்று பத்திரத்தில் இருந்தால், உங்கள் மரம் எது என்று பிறகு காட்ட முடியாது. சந்தனம் என்றால் இன்னும் கவனம் தேவை: பட்டா நிலத்தில் வளர்ந்தாலும் வனத்துறை அனுமதியின்றி வெட்ட முடியாது.

பணம் சிக்கிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஏமாற்றியவருக்கு அந்தத் தாமதம்தான் வேண்டும். ரசீது, ஒப்பந்தம், வாட்ஸ்அப் உரையாடல், வங்கிப் பரிவர்த்தனை எல்லாவற்றையும் பிரதி எடுத்து, பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். முதலீட்டாளர் நலனுக்கான தமிழகத்தின் 1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொத்தை முடக்கிச் சிறப்பு நீதிமன்றம் வழியாகப் பணம் பிரித்துத் தர வழி உண்டு. செபியிடமும் புகார் செய்யலாம். அவர் உங்களுக்குக் கொடுத்த காசோலை திரும்பினால், வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். “அடுத்த திட்டத்துக்கு மாற்றிக்கொள்கிறோம்” என்ற பேச்சுக்குச் சம்மதித்துப் பழைய ரசீதைத் திருப்பிக் கொடுக்கவே கூடாது.