உளவாளியின் கையில் ஏன் கடிகாரம்?

துப்பறியும் படங்களை விரும்பிப் பார்ப்பவர்களா நீங்கள்? அப்படியானால் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கதாநாயகன் அடிக்கடி தன் மணிக்கட்டைத் தொடுவான். மணி பார்க்கவா? அதுதான் இல்லை!

1965-இல் வந்த 'தண்டர்பால்' படத்தில் ஜேம்ஸ் பாண்டின் கடிகாரம் அணுக்கதிர் வீச்சைக் கண்டுபிடித்தது. களவுபோன அணுகுண்டுகளைத் தேடும் கதை அது. 1973-இல் 'லிவ் அண்ட் லெட் டை' படத்தில் ரோலெக்ஸ் கடிகாரத்தின் விளிம்பே இரம்பமாகச் சுழன்று, கையைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தது. 1977-இல் ஒரு சீக்கோ கடிகாரம் தந்தியைப் போல நாடாவில் செய்தியை அச்சடித்துத் துப்பியது. 1983-இல் 'ஆக்டோபஸி'யில் கடிகாரத்திற்குள் தொலைக்காட்சியே ஓடிற்று. (நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் பாண்டுக்குத் துணையாக நடித்தார் என்பது கொசுறுச் செய்தி.) அது வெறும் கற்பனையுமன்று. சீக்கோ நிறுவனம் அப்படியொரு கடிகாரத்தை 1982-இலேயே ஜப்பானில் விற்றது. ஆனால் அலைவாங்கும் கருவியைத் தனியே சட்டைப்பையில் சுமக்க வேண்டும். கதாநாயகனுக்கு ஏது அந்தச் சுமை!

ஏன் கடிகாரம்? துப்பாக்கி என்றால் எதிரி சோதனை போட்டுப் பிடுங்கிவிடுவான். எல்லாரும் கட்டுகிற கடிகாரத்தை யார் சந்தேகிப்பார்கள்?

எல்லாரும் என்றா சொன்னேன்? தோட்டத்தில் அப்படியில்லை. பெரட்டு மணி அடித்தால் எழுந்து ஓட வேண்டும். அந்த மணியை அடிக்கச் சொல்லும் கடிகாரமோ ஆபீசுச் சுவரில் இருந்தது. விடியற்காலையில் ரப்பர் மரத்திற்குள் அழுத்தம் மிகுதி. பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். ஆகவே இருட்டிலேயே விளக்கோடு நிரைக்குப் போனார்கள் நம்மவர்கள். மரம் ஒருபுறம், மணி ஒருபுறம்; அவர்களுடைய நேரம் அவர்களுடையதாக இல்லை. அப்படிப்பட்டவர்கள் திடலில் கட்டிய திரையில் 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' ஜெய்சங்கரைக் கண்டு விசிலடித்தார்கள் என்றால், சண்டைக்காக மட்டுமா? நேரத்தைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டு திரிந்த ஒருவனைத்தான் ரசித்தார்கள் என்று எனக்குப் படுகிறது.

விஞ்ஞானக் கதை இதைவிட ஒரு படி மேலே போகும். 2016-இல் விக்ரம் குமார் இயக்கி, சூர்யா மூன்று வேடங்களில் நடித்த '24' படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதில் கடிகாரமே கால இயந்திரம். பாண்டுக்கு யாரோ செய்து கொடுக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று அவனுக்குக் கவலையில்லை. '24' படத்து மணியோ கடிகாரம் பழுது பார்ப்பவன். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டு குனிந்திருக்கும் கடிகாரக்காரர்களைக் கண்டிருப்பீர்களே, அவர்களில் ஒருவரைக் கதாநாயகனாக்கியது போல! எனக்கு இவனைத்தான் பிடிக்கிறது.

இன்னொன்று. அந்தக் கடிகாரம் முதலில் 24 மணி நேரத்திற்குள்தான் போய்வரும். இந்தக் கட்டுதான் கதைக்கு உயிர். எல்லாவற்றையும் செய்து முடிக்கிற கருவி கதையைக் கொன்றுவிடும். பாண்ட் படங்கள் சிலவற்றில் நடப்பது அதுதான்.

கதை எழுதச் சொன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உலகத்தையே அழிக்கிற கடிகாரமாகச் செய்து குவிப்பார்கள். "சரி, இதனால் என்ன செய்ய முடியாது?" என்று கேட்பேன். அதன் பிறகுதான் பென்சிலைக் கடித்துக்கொண்டு யோசிப்பார்கள். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் கடிகாரத்தால் அரை மணி நேரத்தை மட்டுமே நிறுத்த முடியும், அதுவும் ஒரே ஒரு தடவை. எதற்கு என்று கேட்டேன்.

"பாட்டி இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும் சார்" என்றாள்.

அரை மணி என்றதும் நினைவுக்கு வருகிறது. 1982 ஜனவரி முதல் நாள், சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காகத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டன. முதல் நாள் இரவு 11.30 ஆனதும் நள்ளிரவு 12! சூரியன் வழக்கம் போலத்தான் உதித்தது. மரமும் வழக்கம் போலத்தான் பால் கொடுத்தது. அதன் பிறகு பெரட்டு மணி எத்தனை மணிக்கு அடித்தது? உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.