மூலதனம் காக்கும் துவாலு

பசிபிக் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவுக்கும் ஹவாய்க்கும் ஏறத்தாழ நடுவே, ஒன்பது பவளத் தீவுகளைக் கொண்ட நாடு துவாலு. நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 11,000. ஆஸ்திரேலிய டாலரே அங்குப் புழங்கும் பணம். நாட்டின் முதல் ஏ.டி.எம். இயந்திரம் 2025-இல்தான் திறக்கப்பட்டது. சுரங்கமோ பெரிய ஆலையோ இல்லாத இந்நாடு தன் செலவுகளைச் சமாளிக்கும் முறையில் நாம் அறியத்தக்க பாடம் ஒன்று உள்ளது.

துவாலுவின் முக்கிய வருவாய் கடலிலிருந்து வருகிறது. அதன் கடற்பரப்பில் சூரை மீன் பிடிக்கும் அயல்நாட்டுக் கப்பல்கள் நாள் கணக்கில் கட்டணம் செலுத்துகின்றன. மற்றொரு வருவாய் இணையத்தால் வாய்த்தது. நாடுகளுக்கான ஈரெழுத்து இணையக் குறியீடுகளில் துவாலுவுக்கு உரியது ‘டிவி’. தொலைக்காட்சியையும் அது குறிப்பதால் ஒளிபரப்பு நிறுவனங்கள் அம்முகவரியை விரும்பி வாங்குகின்றன.

ஆயினும் இவ்விரண்டும் நிலையான வருவாய் அல்ல. மீன் கூட்டம் இடம் மாறும், ஒப்பந்தம் முடிவுறும். துவாலுவுக்கு உறுதுணையாக நிற்பது 1987-இல் நிறுவப்பட்ட அறக்கட்டளை நிதியம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகியவை பெரும்பங்கு அளிக்க, துவாலுவும் தன் பங்கைச் செலுத்தியது. தொடக்கத் தொகை சுமார் 2.7 கோடி ஆஸ்திரேலிய டாலர். விலைவாசி உயர்வுக்கு ஈடாக மூலதனத்தின் மதிப்பை முதலில் காக்க வேண்டும். அதற்குமேல் மிஞ்சுவதையே அரசு எடுக்கலாம் என்பது அதன் விதி. சந்தை சரிந்தால் அவ்வாண்டு எதுவும் கிடைக்காது. அதற்கென நல்ல ஆண்டுகளின் உபரி தனிக் கணக்கில் சேர்க்கப்படுகிறது.

அதே பெருங்கடலிலுள்ள நவூரு, பாஸ்பேட் விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டி, மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் எழுப்பியது. முதலீடுகள் பொய்த்துக் கடன் பெருகியதால் 2004-இல் அக்கட்டடத்தையே விற்க நேர்ந்தது.

ஓய்வுக்காலத் தொகையை வைப்புநிதியில் இட்டு, வட்டி முழுவதையும் செலவிடுவோர் நம்மில் பலர். கணக்கில் முதல் குறைவதில்லை. ஆனால் விலைவாசி ஏற ஏற, அத்தொகையால் வாங்கக்கூடியது ஆண்டுதோறும் சுருங்குகிறது. வட்டியில் ஒரு பகுதியை மீண்டும் முதலோடு சேர்த்துவந்தால் அந்த இழப்பை ஈடுசெய்யலாம். கடல்மட்ட உயர்வால் தன் நிலத்துக்கே அஞ்சும் சிறு நாடு கடைப்பிடிக்கும் இவ்வொழுங்கு, நம் இல்லங்களுக்கும் பொருந்தும்.