இறங்கிய பிறகும் இரையும் காது

அமெரிக்காவில் செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களைச் சொந்தமாக ஓட்டுபவர்கள் காது மருத்துவரிடம் வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. "இறங்கினதும் காதுக்குள்ள ஙொய்யுன்னு இரையும், காலையில சரியாயிடும்" என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இப்போது இன்னொரு பதிலும் சேர்ந்துகொண்டது: "நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன்தான் போடுறேன், டாக்டர்."

பயணத்தில் பாட்டுக் கேட்க வாங்கிய ஹெட்போன் அது. அதன் துளையில் யூஃப்ளைமைக் போன்ற தனி மைக்கைச் செருகி, விமானத்தின் ரேடியோவோடு இணைத்துவிடுகிறார்கள். விமானிகளுக்கென்றே செய்த உயர்தர ஹெட்செட் ஆயிரம் டாலரைத் தாண்டும் என்பதால் இந்த ஆசை நியாயமானதுதான். ஆனால், அதைப் போட்டால் காதுக்கு முழுப் பாதுகாப்பு என்று நம்புவதுதான் ஆபத்து.

"சத்தமே கேட்கலையே!"

எதிர்மாறான ஒலி அலையை உண்டாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் இந்த நுட்பம் எஞ்சின், புரொப்பெல்லரின் தாழ்ந்த உறுமலைத்தான் நன்றாக அடக்கும். காற்றின் சீறல் போன்ற உயர் சுருதிகளைக் காது மூடியின் குஷன்தான் தடுக்க வேண்டும். பாட்டு ஹெட்போனின் பிடி பொதுவாக லேசானது. மூக்குக் கண்ணாடியின் தடித்த காம்பு குஷனைக் கொஞ்சம் தூக்கினாலும் போதும், அந்த இடுக்கு வழியாகச் சத்தம் உள்ளே வந்துவிடும். உறுமல் அடங்கியதால் விமானிக்கு அமைதியாகத் தோன்றுகிறது. மிச்சச் சத்தம் காதைத் தாக்கிக்கொண்டே இருக்கிறது.

நுட்பத்தில் குறை சொல்ல முடியாது. 1986இல் டிக் ருட்டானும் ஜீனா யேகரும் எங்கும் இறங்காமல், எரிபொருளும் நிரப்பாமல் வாயேஜர் விமானத்தில் ஒன்பது நாளில் உலகைச் சுற்றியபோது, போஸ் நிறுவனத்தின் சோதனை ஹெட்செட்தான் அவர்கள் காதைக் காத்தது. ஆனால் அது விமானிகளுக்கென்றே உருவானது.

"காது பழகிடுச்சு"

பழகவில்லை, செத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமான நயாஷ் 85 டெசிபலுக்கு 8 மணி நேரத்தை வரம்பாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94 டெசிபல் என்றால் ஒரே மணி நேரம். சிறு விமான காக்பிட்டில் இந்த அளவு சாதாரணம். இழப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் தொடங்குவதால், ஆறடி தூரத்துப் பேச்சு கேட்கிறதா என்று பார்க்கும் விமானி மருத்துவச் சோதனையில் சிக்காமல் தப்பிவிடும். அதைக் கண்டுபிடிக்க ஆண்டுக்கொரு ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) போதும்.

எண்ணெயும் மாத்திரையும்

காது அடைத்தால் பூண்டு எண்ணெய், காது மெழுகுவர்த்தி, இரைச்சலுக்கு ஜின்கோ மாத்திரை! இவை எதுவும் சத்தத்தால் அழிந்த உள்காதுச் செல்லை மீட்காது. மெழுகுவர்த்தியால் காது சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. அடைப்பைச் சளி என்று எண்ணித் தாமாகவே டைஃபென்ஹைட்ரமின் என்ற ஒவ்வாமை மருந்தை விழுங்குவது இன்னும் மோசம். அதைச் சாப்பிட்டால் 60 மணி நேரம் பறக்கக் கூடாது என்கிறது அமெரிக்க விமானத் துறை. விபத்தில் இறந்த விமானிகளின் உடலில், மயக்கம் தரக்கூடிய மருந்துகளில் அதிகம் காணப்பட்டது இதுதான் என்று 2014இல் வெளியான அரசு ஆய்வே சொல்கிறது.

தயவுசெய்து கேளுங்கள்

ஹெட்போனுக்குள் ஃபோம் இயர்ப்ளக் வையுங்கள். மெல்லிய காம்புள்ள கண்ணாடி போடுங்கள். நடுவானில் பேட்டரி தீர்ந்தால் ரேடியோ சத்தத்தைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள், மாற்று ஹெட்செட் ஒன்று கையில் இருக்கட்டும். திடீரென ஒரு காது கேட்காமல் போனால், கெஞ்சிக் கேட்கிறார்கள் மருத்துவர்கள், அன்றே வந்துவிடுங்கள். ஸ்டீராய்டு முதல் இரு வாரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் அதிகம். பின்சீட்டில் பிள்ளை இருந்தால் அதற்கும் தலைக்குப் பொருந்தும் ஹெட்செட் வாங்குங்கள். பெரியவர்களுடையது அந்தச் சின்னத் தலையில் நிற்காது.