பஸ்ஸில் ஒரு பகல் – 9: உரோமரின் சில்லறைக்காசு

யாழ்ப்பாணத்தில் உரோமர் கட்டிய தூண் ஒன்றுகூட இல்லை. அரங்கு இல்லை, வெந்நீர்க் குளியல் மண்டபம் இல்லை. கோட்டை வாசலில் நின்று படம் எடுக்கிற சிலர், ‘ரோமன் காலத்துக் கோட்டை’ என்று பிள்ளைகளுக்குச் சொல்வது காதில் விழுவதுண்டு. அது போர்த்துக்கேயர் தொடங்கி, 1658க்குப் பின் ஒல்லாந்தர் ஐங்கோணமாக மாற்றிக் கட்டியது. இருந்தாலும் அந்தப் பெற்றோரை முழுப்பிழை என்று தள்ளிவிடவும் முடியாது. அண்மை ஆண்டுகளில் கோட்டைக்குள் தோண்டியபோது, ஒல்லாந்தரின் கல்லுக்கு வெகு கீழே, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான மட்பாண்ட ஓடுகள் அகப்பட்டன. உரோம வணிகம் இந்து சமுத்திரத்துக்கு வந்து போன அதே காலத்து ஓடுகள் அவை.

பஸ் நிலையத்திலிருந்து கோட்டை நடைதூரம்தான். வெயில் ஏறமுன் அதைப் பார்த்து முடித்துவிட்டுக் காங்கேசன்துறை பஸ் ஏறலாம். இ.போ.ச. பஸ்ஸும் ஓடும், தனியார் மினி பஸ்ஸும் ஓடும். கொக்குவில், தாவடி, இணுவில், மருதனார்மடம் என்று சந்திக்குச் சந்தி ஆள் ஏறி இறங்கும். அவசரப்பட்டுப் பயனில்லை. கந்தரோடைக்குப் போக வேண்டும் என்றால், “சுன்னாகம் சந்தையடியில இறங்குங்கோ ஐயா, அங்கயிருந்து ஓட்டோ பிடியுங்கோ” என்பார் நடத்துநர். கால் வலு உள்ளவர்கள் நடக்கலாம். செம்மண் தோட்டமும் பனையும் பார்த்துக்கொண்டு போகிற வழி அது.

போய்ச் சேர்ந்ததும் முதலில் தெரிவது முருகைக்கல்லால் ஆன சின்னஞ்சிறு தூபிகளின் கூட்டம். அனுராதபுரத்துத் தாகபைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இவற்றின் சிறுமையே வியப்பாக இருக்கும். பலகை ‘கதுறுகொட விகாரை’ என்கிறது. ஊர் கந்தரோடை என்கிறது. இவை யாருடையவை என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. தமிழரும் பௌத்தராக இருந்த காலம் ஒன்று உண்டு என்பதை மறந்துவிட்டே இரண்டு தரப்பும் சண்டை பிடிக்கின்றன என்பது என் எண்ணம். மணிமேகலையைத் தந்த மொழிக்குக் கந்தரோடைத் தூபிகள் ஏன் அந்நியமாக வேண்டும்? நிற்க. இன்றைக்கு நமக்குத் தூபிகளை விட அவற்றைச் சுற்றியுள்ள மண்ணில்தான் வேலை.

அந்த மண்ணின் அருமையை முதலில் எழுதி வைத்தவர் நீதித்துறையில் பணியாற்றிய போல் ஈ. பீரிஸ். 1917 முதல் அவர் இங்கே ஆராய்ந்து, நாகதீபம் என்று பழைய நூல்கள் சொல்லும் இந்தக் குடாநாடு பற்றி வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதினார். முத்திரை குத்திய பழைய வெள்ளிக் காசுகள், இலட்சுமி உருவத் தகடுகள் ஆகியவற்றோடு உரோமக் காசுகளும் கந்தரோடையில் கிடைத்தன. பிறகு 1970இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகத்தார் வந்து தோண்டினார்கள். அந்தக் குழுவில் விமலா பெக்லி இருந்தார். உரோமருக்கும் முந்திய பெருங்கற்கால மக்களின் குடியிருப்பு இங்கே இருந்தது அப்போது தெளிவாயிற்று.

விமலா பெக்லியின் பெயரை நம்மவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். உட்புறத்தில் புள்ளி வளையங்கள் பதித்த ‘ரௌலட்டட்’ மட்பாண்டம் கந்தரோடையில் நிறையக் கிடைக்கும். 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டைத் தோண்டிய மோட்டிமர் வீலர் அதை உரோம உலகத்தோடு சேர்த்துப் பார்த்தார். அன்று தொடங்கி, அந்த ஓடு கிடைத்த இடமெல்லாம் உரோமர் வந்த இடம் என்று எழுதுவது வழக்கமாயிற்று. கந்தரோடைக்குப் பிறகு 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டை மீண்டும் தோண்டியவர் பெக்லிதான். அந்தப் பாண்டம் இந்தியாவில் செய்யப்பட்டது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட முடிவு. ஆனால் நம் ஊர்க் கட்டுரைகளில் அதற்கு ‘உரோம மட்பாண்டம்’ என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் உரோமின் நேரடித் தடயம் எது? காசுதான்.

உரோம எழுத்தாளர் பிளினி ஒரு கதை சொல்கிறார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமை ஒருவன் அரேபியாவைச் சுற்றிக் கப்பலில் வரும்போது காற்றில் அடிபட்டு இலங்கையில் ஒதுங்கினான். அவனிடம் இருந்த வெள்ளிக் காசுகளில் வெவ்வேறு அரசர்களின் தலைகள் இருந்தும் எடை மட்டும் ஒன்றாக இருந்ததைக் கண்டு இங்கிருந்த அரசன் வியந்தானாம். அந்த நேர்மையை மதித்து நான்கு தூதரை உரோமுக்கு அனுப்பினானாம். பேரரசன் குளோடியஸ் காலத்துச் செய்தி இது. புளோகாமஸ் குடும்பத்தார் ஒருவரின் அடிமை கி.பி. 6இல் எகிப்தின் பாலைவனப் பாதையில் பாறையில் எழுதி வைத்த பெயரும் கிடைத்திருப்பதால் இதை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்க முடியாது.

வேடிக்கை என்னவென்றால், அரசன் வியந்த அந்த வெள்ளிக் காசு இலங்கையில் மிக அரிது. இங்கே ஆயிரக்கணக்கில் கிடைப்பது அதற்கு மூன்று நான்கு நூற்றாண்டுகள் பிந்திய செப்புக்காசு. விரல்நகம் அளவு, தேய்ந்து, தலை யாருடையது என்றே தெரியாதது. அதுவும் போதாமல் உள்ளூரிலேயே அதைப் பார்த்து அடித்த போலிகளும் உண்டு. தென்னிலங்கையில் மாத்தறைக்கு அருகே நைமனையில் அத்தகைய போலிகள் பெருந்தொகையாகக் கிடைத்தன. அரசர் அரண்மனையில் பூட்டி வைத்த செல்வம் அல்ல இது. சந்தையில் கைமாறிய மிச்சக்காசு. இருபது ரூபாய் குற்றிக்காக நடத்துநரோடு வாக்குவாதப்படும் நமக்கு, தூண்களை விட இந்தக் காசுதான் அந்தக் கால மனிதரை நெருக்கமாகக் காட்டுகிறது.

மத்தியானம் திரும்பி வந்து நாவலர் வீதியில் உள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கந்தரோடை மட்பாண்டங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்கலாம். அந்த இடத்தில் நின்றபோது விளங்காதது இங்கே கொஞ்சம் விளங்கும். மிச்ச நேரத்தில் பருத்தித்துறை பஸ் எடுத்து வல்லிபுரம் போகலாம். ஆழ்வார் கோயிலைச் சூழ்ந்த மணற்பரப்பில் 1936இல் வசப மன்னன் பெயர் பொறித்த பொற்தகடு வெளிப்பட்டது. அவனும் உரோமக் கப்பல் காலத்தவன்தான். ஞாயிறு என்றால் பஸ்ஸில் நிற்கவும் இடம் கிடைக்காது. வேறு நாளாகப் பாருங்கள்.

போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கந்தரோடையிலோ வல்லிபுரத்திலோ காலில் ஓடு தட்டுப்பட்டால் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்ற செய்தி இல்லாத ஓட்டால் யாருக்கும் பயனில்லை. கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ காசு அகப்பட்டால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ அறிவியுங்கள். பழங்காசு வாங்க வருகிறவர்களுக்கு விற்றுவிடாதீர்கள்.

அடுத்த வாரம் சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி மன்னார் பஸ்ஸில் திருக்கேதீச்சரத்துக்குப் போகிறோம். மாந்தைத் துறைமுகத்தின் மேடு அங்கேதான் இருக்கிறது.