'பிரிவெய்ல்': ஒரு சொல், இரு பொருள்

வங்கிப் படிவங்களில் அடிக்கடி தென்படும் ஆங்கில வினைச்சொல் 'பிரிவெய்ல்'. இலத்தீன் மூலத்தில் 'பிறரினும் வலிமையுற்றிருத்தல்' என்பது இதன் பொருள். இன்று அது இரு வகையாக ஆளப்படுகிறது: ஒன்றை வென்று மேலோங்குதல், ஓரிடத்தில் அல்லது ஒரு காலத்தில் பரவலாக நிலவுதல். ஒரே கடன் பத்திரத்தில் இவ்விரண்டும் இடம்பெறுவதுண்டு.

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலும் வாழும் தமிழர்க்கு இச்சொல் கூடுதல் கவனத்திற்குரியது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அரசுடன் தமிழில் கடிதத் தொடர்பு கொள்ளும் உரிமையை அவர்களுக்கு வழங்கியது. வங்கிப் படிவங்களுக்கு அது பொருந்தாது. அவை அங்கு ஆங்கிலம், இந்தி, மலையாளம் ஆகிய மொழிகளில் அமைவதே வழக்கம். மலையாளப் பகுதியில் 'நிலவிலுள்ள பலிச நிரக்கு' என்றிருப்பின், அதை நிலுவை வட்டி என்று கொள்ளலாகாது. நடப்பிலுள்ள வட்டி விகிதம் என்பதே அதன் பொருள். ஆங்கிலத்தில் 'பிரிவெய்லிங் ரேட்' என்பதும் இதுவே.

இங்கு வாடிக்கையாளர் கேட்க வேண்டிய வினா, 'எந்த நாளில் நிலவும் விகிதம்?' என்பதாகும். நிலையான விகிதம் கொண்ட வைப்புத்தொகைக்கு, வைத்த நாளின் விகிதம் முதிர்வு வரை மாறாது. தானாகப் புதுப்பிக்கப்படும்போதோ, புதுப்பிக்கும் நாளின் விகிதம் வந்துவிடும். ஓராண்டுக்கு 7 விழுக்காட்டில் வைத்த 1 லட்சம் ரூபாய், 6.5 விழுக்காடு நிலவும் நாளில் புதுப்பிக்கப்பட்டால், தனிவட்டிக் கணக்கில் ஆண்டுக்கு 500 ரூபாய் குறையும். மாறும் வட்டியிலான வீட்டுக் கடனில் அந்த நாள் ஓரிடத்தில் நில்லாது. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் வழங்கும் இத்தகைய புதிய கடன்கள், ரெப்போ விகிதம் போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட்டு, குறைந்தது 3 மாதங்களுக்கு ஒருமுறை மாற்றியமைக்கப்படுகின்றன.

'இங்கிலீஷ் வெர்ஷன் ஷல் பிரிவெய்ல்' என்னும் தொடரில் மற்றப் பொருள் வருகிறது. மொழிபெயர்ப்புக்கும் ஆங்கில மூலத்துக்கும் முரண் நேரின், ஆங்கிலமே செல்லும் என்பது அதன் கருத்து. இங்கு வினா, 'எது எதை வெல்லும்?' என்பது. தமிழில் அழகாக எழுதிய விளக்கத் துண்டறிக்கை புரிந்துகொள்ள உதவும். கையொப்பமிட்டவரைக் கட்டுப்படுத்துவது ஆங்கிலப் பகுதியே.

தாய்மொழியில் கையொப்பமிடுவோரிடம், 'உள்ளடக்கம் எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டது' என்னும் உறுதிமொழி பெறப்படுவதுண்டு. விளக்கம் கேட்ட பின்னரே அதில் ஒப்பமிடல் வேண்டும். வரிசை நீளமாக இருக்கிறதென்று தயங்க வேண்டியதில்லை. சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களின் தவணைக் கடன்களுக்கும் தரவேண்டிய முக்கியத் தகவல் அறிக்கை, கடன் பெறுவோருக்குப் புரியும் மொழியில் இருத்தல் வேண்டும் என ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் பணித்துள்ளது. அதை விளக்கிக் கூறுவதும் வங்கியின் கடமை. தவணைக் காலம் 7 நாள் அல்லது அதற்கு மேற்பட்டதாயின், அவ்வறிக்கை குறைந்தது 3 வேலைநாள்களுக்குச் செல்லுபடியாகும். அதற்குள் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று, ஆங்கிலம் அறிந்த ஒருவருடன் அமர்ந்து படித்துப் பார்க்கலாம்.