படத்திற்குப் பெயரிட்ட அகராதி

கரும்பலகையில் 'மாலை' என்று எழுதினால் ஒரு மாணவன் பூமாலையை நினைப்பான். மற்றொருவன் அந்திப் பொழுதை நினைப்பான். அருகே ஒரு படம் வரைந்துவிட்டால் ஐயம் தீரும். சொல், பொருள், படம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று விளக்கும் என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம். இதனைக் கணினிக்குக் கற்பிக்க அறிஞர் முயன்ற வரலாறு அறியத் தக்கது.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளநூலறிஞர் ஜார்ஜ் மில்லர் 1985ஆம் ஆண்டில் 'வேர்டுநெட்' என்னும் சொற்களஞ்சியத்தைத் தொடங்கினார். அது அகரவரிசையை விடுத்துப் பொருள்வழியே சொற்களை அடுக்கியது. ஒரு பொருள் குறிக்கும் பல சொற்கள் ஒரு தொகுதி. பல பொருள் தரும் சொல்லோ பொருளுக்கொன்றாகப் பல தொகுதிகளில் நிற்கும். 'கிரேன்' என்னும் ஆங்கிலச் சொல் நெடுங்காற் பறவை ஒன்றையும் குறிக்கும். துறைமுகத்துப் பாரந்தூக்கியையும் குறிக்கும். ஆகவே அவ்விரண்டிற்கும் வெவ்வேறு இடம். நாய் பாலூட்டியுள் அடங்கும். பாலூட்டி விலங்கினுள் அடங்கும். திவாகரம், பிங்கலம் முதலிய நிகண்டுகளைப் பயின்றோர்க்கு இம்முறை முற்றிலும் புதிதன்று. தெய்வம், மக்கள், விலங்கு, மரம் எனப் பெயர்களைப் பொருள்வகையால் தொகுத்தவை அவை.

இச்சொல்லடுக்கின்மீது படங்களை ஏற்றியவர் ஃபெய்-ஃபெய் லீ என்னும் பெண் அறிஞர். அவரும் அவர்தம் குழுவினரும் 2009ஆம் ஆண்டில் 'இமேஜ்நெட்' என்னும் தொகுப்பை வெளியிட்டனர். பின்னர் அது வளர்ந்து, ஏறத்தாழ 22,000 பிரிவுகளில் 1 கோடியே 40 இலட்சம் படங்களைக் கொண்டதாயிற்று. 'இப்படத்தில் இப்பொருள் உளதா?' என்று பார்த்துச் சொன்னவர்கள், சிற்றூதியத்திற்கு இணையவழி உழைத்த பல்லாயிரவர்.

கணினிக்குப் படம் என்பது எண்களின் வரிசையே. ஒவ்வொரு புள்ளியிலுமுள்ள சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவை 0 முதல் 255 வரையிலான எண்கள் குறிக்கும். எண்களையும் பெயரையும் இணைத்துக் காட்டக் காட்ட, கணினி தன் பிழைக்கேற்ப உள்ளளவுகளைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளும். 2012ஆம் ஆண்டுப் போட்டியில், ஒரு படத்திற்கு ஐந்து விடை சொல்ல இடமிருந்தும், இரண்டாம் நிலை பெற்ற குழுவின் முறை 26.2 விழுக்காடு தவறியது. டொராண்டோ பல்கலைக்கழகத்தார் முறையோ 15.3 விழுக்காடே தவறி முதலிடம் பெற்றது.

நாய்க்கும் நாற்காலிக்கும் பெயரிட்டமட்டில் குறையில்லை. மனிதரின் படங்களுக்கும் அவ்வகராதிச் சொற்களையே ஒட்டியபோதுதான் இடர் விளைந்தது. 'கெட்டவன்', 'தோற்றவன்' என்னும் பெயர்களும் முகங்களின்மேல் ஏறின. முகத்தைக் கண்டு இவற்றை எங்ஙனம் அறிவது? 2019இல் இது கண்டனத்திற்குள்ளாயிற்று. தொகுத்தோரே மனிதர்க்குரிய 2,832 பிரிவுகளை ஆராய்ந்து, 1,593 பிரிவுகள் தகாதவை எனக் கண்டு, அவற்றிலடங்கிய ஏறத்தாழ 6 இலட்சம் படங்களை நீக்க முற்பட்டனர்.

அவ்வசைச் சொற்கள் பொறியின் படைப்பல்ல, மனிதர் இட்டவை. தோட்டத்து மக்கள்மீது பிறர் சூட்டிய 'கூலி' என்னும் பெயர் ஏட்டிலும் நாவிலும் எத்துணைக் காலம் ஒட்டிக்கிடந்தது என்பதை நாம் மறந்தோமல்லோம்.

ஆதலின், கணினி ஒரு படத்திற்குப் பெயர் சொல்லக் கேட்டு நம் மாணவர் வியக்கும்போது, 'இப்பெயரை முதலில் இட்டவர் யார்?' என்று வினவவும் அவர்களைப் பழக்குவோமாக.