திரையிற் கோடு மங்குதல்

கணினியில் வரைபடம் வரைவோர், தாம் இட்ட கோடு கூர்மையாய் விளங்காது மங்கித் தோன்றுதலைப் பலகாலும் காண்பர். கண்டவுடன் அதனை அழித்து மீண்டும் வரைவாரும், அதன் தடிப்பை மாற்றுவாரும் உளர். இவை நோயறியாது மருந்திடுதலை ஒக்கும். ஆதலின் அம்மங்கலின் காரணங்களையும், அவற்றை நீக்கும் வழிகளையும் யாம் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற்கண் அறியவேண்டுவது ஒன்றுண்டு. ஆட்டோகேட் முதலிய வரைவு மென்பொருள்கள் கோட்டை ஓவியமாகச் சேமிப்பதில்லை. அதன் இருமுனைகளும் நிற்கும் இடங்களை எண்களாகவே குறித்து வைக்கின்றன. எண்களுக்கு மங்கலேது? மங்குவது திரையில் தோன்றும் உருவமேயன்றிக் கோடன்று.

திரையோ, பிக்சல் எனப்படும் நுண்ணிய சதுரக் கட்டங்களால் ஆயது. 1920க்கு 1080 என்னும் அளவுடைய திரையில் 20,73,600 கட்டங்கள் உள. ஒரு கட்டம் ஒரு காலத்து ஒரு நிறமே ஏற்கும். கோரைப்பாயில் நெய்யப்படும் சாய்கோடு படிப்படியாகவே அமைதல்போல, திரையிலும் சாய்கோடு படிக்கட்டாகவே அமையும். எக்கட்டங்களைக் கொள்ளின் அப்படிகள் நேர்கோட்டிற்கு மிக அணுகி நிற்கும் என்பதை விரைந்து கணிக்கும் முறையொன்றை, ஐபிஎம் நிறுவனத்தைச் சார்ந்த ஜாக் பிரெசன்ஹாம் என்பார் 1962இல் வகுத்து, 1965இல் வெளியிட்டார்.

அப்படிகள் கண்ணை உறுத்தாவண்ணம் மறைக்கவே கோட்டை மென்மையாக்கும் முறை எழுந்தது. கோடு ஒரு கட்டத்தில் எத்துணைப் பங்கை மறைக்கின்றதோ, அத்துணைப் பங்கே அக்கட்டத்திற்கு நிறமளிப்பது இம்முறையாம். இதனாற் சாய்கோடு வழவழப்பாகும். ஆயினும், ஒரு கட்ட அகலமுடைய நிமிர்கோடு இரு கட்டங்களின் இடையே விழுமாயின், வெண்ணிறப் பின்புலத்தில் ஒரு கருங்கோடு தோன்றவேண்டிய இடத்தில் இரு கட்ட அகலமுடைய சாம்பல்நிறக் கோடு தோன்றும். மங்கலின் முதற் காரணம் இஃதே.

இரண்டாவது, திரையின் இயல்பளவும் நாம் அமைத்த அளவும் மாறுபடுதல். 1920 கட்ட அகலமுடைய திரையை 1366 என அமைப்பின், ஒரு கட்டத்திற்குரிய உரு ஏறத்தாழ 1.4 கட்டங்களிற் பரவவேண்டும். கட்டத்தைப் பிளத்தல் இயலாமையின் யாவும் கலங்கும். மூன்றாவது, விண்டோஸ் செய்யும் உருப்பெருக்கம். 125 அல்லது 150 விழுக்காடு எனப் பெருக்கம் அமைந்துழி, அதற்கேற்பத் தன்னை அமைத்துக்கொள்ள அறியாத பழைய மென்பொருளின் சாளரத்தை விண்டோஸ் ஒரு படம்போல இழுத்துப் பெரிதாக்கும்.

இனி நீக்கும் வழியைக் காண்பாம். மங்கல் எவ்வளவிற் பரவியுள்ளது என்பதை முதலில் நோக்குக. திரை முழுதும் மங்கின், காட்சி அமைப்பிற் புகுந்து திரையின் இயல்பளவைத் தேர்க. அம்மென்பொருளின் சாளரம் மாத்திரம், எழுத்தும் பொத்தான்களும் உட்பட மங்கின், அதனைத் தொடங்கும் குறும்படத்தின் பண்புகளுள் இணக்கத்தன்மைப் பகுதியைத் திறந்து, உயர் டிபிஐ பெருக்கத்தை மென்பொருளே செய்யுமாறு அமைக்க. பொத்தான்கள் தெளிவாயிருப்பக் கோடுகள் மாத்திரம் மங்கின், மென்மையாக்கலை நிறுத்துக. ஆட்டோகேட்டில் லைன்ஸ்மூதிங் என்னும் மாறியின் மதிப்பை 1இலிருந்து 0 ஆக்கின் அமையும். அப்பொழுது நிமிர்கோடு கூர்மை பெறும். சாய்கோட்டிற் படிகள் வெளிப்படும். வழவழப்பும் கூர்மையும் ஒருங்கே பெறல் அரிதாதலின், தம் தொழிற்கு ஏற்றதனைக் கொள்வதே தக்கது.

இது கண்ணின் இன்பத்திற்கு மாத்திரம் உரிய செய்தியன்று. 19.2 மீட்டர் நீளமுள்ள கட்டடத்தை 1920 கட்ட அகலத்திற்குள் முழுதும் அடக்கிக் காணின், ஒரு கட்டம் 10 மில்லிமீட்டரைக் குறிக்கும். அந்நிலையில் இரு சுவர்க்கோடுகள் 2 மில்லிமீட்டர் அகன்று நிற்பினும், கூரிய திரையும் அவை கூடினவாகவே காட்டும். அப்பிழை பரப்பளவு காணும்பொழுதோ, உலோகத் தகட்டை வெட்டும் பொறிக்கு வரைபடத்தை அனுப்பும்பொழுதோ வெளிப்பட்டு, பொருளையும் உழைப்பையும் வீணாக்கும். ஆகவே முனைகளைக் கண்ணாற் பொருத்தாது, முனையைத் தானே பற்றும் வசதியாற் பொருத்துக. நீளத்தை எண்ணாற் கொடுக்க.

மங்கிய கோட்டைக் கண்டு வரைபடத்தை ஐயுறுதலும், கூரிய கோட்டைக் கண்டு அதனை முற்றும் நம்புதலும் ஒருங்கே தவறாம். திரை காட்டுவதைக் கண் காண்க. உண்மையை எண் கூறுக.